பத்மநாபன் ஊரில் இரண்டு இரவு

திருவனந்தபுரம் பல பயணிகளுக்கு இறங்குமிடம் மட்டுமே. போய்ச் சேர வேண்டிய இடம் வேறாக இருக்கும். கன்னியாகுமரி, சபரிமலை, பொன்முடி, ஆலப்புழைக் காயல் என்று எங்கே சுற்றுலா கிளம்பினாலும், அதற்கு முன் ஓர் இரவோ இரண்டு இரவோ இந்த ஊரில் கழிகிறது. தம்பானூர் ரயில் நிலையத்தைச் சுற்றியுள்ள லாட்ஜுகள் இந்த இரண்டு இரவை நம்பித்தான் பிழைக்கின்றன. ஆனால் இப்படித் தங்கிப் போகும் வழக்கம் லாட்ஜுகளுக்கு மிகவும் மூத்தது. ஊட்டுப்புரை, விருந்தினர் மாளிகை, ஓட்டல், லாட்ஜ் என்று அது கூரை மாறிக்கொண்டே வந்திருக்கிறது. எந்தக் கூரையின் கீழ் யாரை அனுமதித்தார்கள் என்பதில்தான் இந்த வரலாற்றின் சாரம் இருக்கிறது.

மார்த்தாண்ட வர்மா 1750இல் தன் நாட்டைப் பத்மநாபசுவாமிக்கு எழுதிக்கொடுத்து, தான் பத்மநாபதாசனாக நின்று ஆண்டார். திருப்படித்தானம் என்று அதற்குப் பெயர். அப்போது தலைநகர் பத்மநாபபுரம். தர்மராஜா என்று அழைக்கப்பட்ட கார்த்திகைத் திருநாள் காலத்தில், 18ஆம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில், அது திருவனந்தபுரத்துக்கு மாறியது. திவான் ராஜா கேசவதாஸ் கிழக்கே கோட்டைக்கு வெளியே சாலைக் கடைத்தெருவை உண்டாக்கினார். தெற்கே நாஞ்சில் நாட்டிலிருந்து நெல்லும் காய்கறியும் வண்டியில் வந்தன. அவற்றோடு வணிகரும் வழக்குக்காரரும் தரிசனத்துக்கு வருபவரும் வந்தார்கள். சாலை, கரமனை, வலியசாலை பகுதிகளில் தமிழ் நிலைத்தது இந்தப் போக்குவரத்தால்தான்.

கோயிலின் நடைமுறையே வந்தவரைத் தங்க வைக்கும். நடை நாள் முழுவதும் திறந்திருப்பதில்லை. விடியலுக்கு முன் நிர்மால்ய தரிசனம். அதன் பிறகு விட்டு விட்டுத் திறப்பு, உச்சியில் அடைப்பு, மாலையில் மீண்டும் திறப்பு. பள்ளிகொண்ட பெருமாளை மூன்று வாசல்களின் வழியாகத்தான் பார்க்க வேண்டும்: ஒன்றில் முகமும் கையும், நடுவில் நாபித் தாமரை, மூன்றாவதில் திருவடி. கால்நடையாக வந்தவர் அடைத்த நடையின் முன் நின்றால், அன்றிரவு ஊரில் தங்குவதைத் தவிர வேறு வழியில்லை.

அப்படித் தங்குபவருக்கு அரசு செய்த ஏற்பாடுதான் ஊட்டுப்புரை. தெற்கே தோவாளை எல்லையிலிருந்து வடக்கே கொச்சி எல்லைவரை பெருவழியோரம் ஆங்காங்கே சோறு போடும் கூடங்கள் இருந்தன. இடையிடையே வழியம்பலங்களும், தலைச்சுமையை இறக்கி வைக்கச் சுமைதாங்கிக் கற்களும், கோடையில் மோர் ஊற்றும் பந்தல்களும் உண்டு. தலைநகரில் கோயிலை ஒட்டிய அக்ரசாலை இவற்றில் பெரியது. ஆறு ஆண்டுக்கு ஒருமுறை, 56 நாள் நடக்கும் முறஜபத்தின்போது நாடெங்கிலுமிருந்து வேதம் ஓதுபவர்கள் வந்து தங்கினார்கள். லட்சதீபத்தோடு அது முடியும்வரை அடுப்பு அணையாது. அரசின் வரவுசெலவுக் கணக்கில் தேவஸ்வமும் ஊட்டுப்புரையும் சேர்த்து ஒரு தலைப்பாகவே எழுதப்பட்டன. திருவிதாங்கூருக்குத் தர்மபூமி என்ற பேர் வந்தது இதனால்தான்.

லண்டன் மிஷனைச் சேர்ந்த சாமுவேல் மெட்டீர் 1871இல் திருவிதாங்கூரைப் பற்றி எழுதிய நூலுக்குத் தர்மபூமி என்ற பொருள்படும் தலைப்பையே வைத்தார். அதில் கொஞ்சம் குத்தலும் இருந்தது. இந்தத் தர்மம் பிராமணருக்கு மட்டும் கிடைக்கும் தர்மம் என்பது அவருடைய குற்றச்சாட்டு. மிஷனரிக்குத் தன் தரப்பு உண்டு என்றாலும், இந்த இடத்தில் அவர் சொன்னது தப்பில்லை. இலைச் சோறு சாதி பார்த்துத்தான் போடப்பட்டது. நெல்லை விளைவித்த புலையருக்கு ஊட்டுப்புரைப் படி எட்டாதது மட்டுமல்ல, பல பொதுவழிகளே மூடியிருந்தன. கோவளத்துக்குப் பக்கத்தில் வெங்ஙானூரில் பிறந்த அய்யன்காளி 1893இல் வில்லுவண்டி ஏறி அப்படி மூடிய வழியில் போனதே ஒரு போராட்டமாகக் கணக்கில் ஏறியிருக்கிறது. வழியே இல்லாதவருக்கு வழித்தங்கல் எப்படி வாய்க்கும்?

தெற்கிலிருந்து வந்து நகரில் சில நாள் தங்கித் திரும்பும் வழக்கத்தை இன்றுவரை மாற்றாமல் கடைப்பிடிப்பவர்கள் மனிதர்கள் அல்லர், தெய்வங்கள். ஆண்டுதோறும் நவராத்திரிக்கு முன் பத்மநாபபுரத்திலிருந்து தேவாரக்கட்டு சரஸ்வதியும், வேளிமலை குமாரகோவிலிலிருந்து முருகனும், சுசீந்திரத்திலிருந்து முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரத்துக்குப் புறப்படுகிறார்கள். பத்மநாபபுரம் அரண்மனையின் உப்பரிகை மாளிகையில் வைத்திருக்கும் மன்னரின் உடைவாளை எடுத்துக் கொடுத்த பிறகே ஊர்வலம் நகரும். சரஸ்வதி யானை மேல் வருவாள், மற்ற இருவரும் பல்லக்கில். முதல் இரவு குழித்துறை; இரண்டாம் இரவு நெய்யாற்றின்கரை; மூன்றாம் நாள் கரமனை வழியாக நகருக்குள். நகரில் மூவருக்கும் மூன்று தங்குமிடம்: சரஸ்வதிக்குக் கோட்டைக்குள் நவராத்திரி மண்டபம், முருகனுக்குச் சாலைக் கடைத்தெருவை ஒட்டிய ஆரியசாலைக் கோயில், நங்கைக்குச் செந்திட்டை. விஜயதசமி முடிந்து ஒருநாள் இளைப்பாறிவிட்டு, வந்த வழியே திரும்புவார்கள்.

சரஸ்வதி சிலை கம்பர் வழிபட்டது என்றும், அவர் அதைச் சேர மன்னரிடம் ஒப்படைத்தார் என்றும் மரபு சொல்கிறது. தலைநகர் மாறிய பின்னும் பழைய தலைநகரின் தெய்வத்தை விட்டுவிட மனமில்லாமல் தொடங்கிய ஏற்பாடு இது. மன்னர் சுவாதித் திருநாள் காலத்தில் (1829–1846) அதற்கு இன்றைய வடிவம் கிடைத்தது. 1956 நவம்பர் 1இல் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகு, ஊர்வலம் களியக்காவிளையில் மாநில எல்லையைத் தாண்ட வேண்டியதாயிற்று. இன்று இரு மாநிலப் போலீசாரும் அதிகாரிகளும் அங்கே நின்று தெய்வங்களை ஒப்படைத்து வாங்கிக்கொள்கிறார்கள். நடைப்பயணிக்குக் குழித்துறையும் நெய்யாற்றின்கரையும் எத்தனை நாள் தூரம் என்பதை இந்த ஊர்வலம்தான் இன்னும் அளந்து காட்டுகிறது. பேருந்தில் இரண்டு மணி நேரத்துக்குள் முடிகிற வழி.

வடக்கிலிருந்து வருபவர் நடக்க வேண்டியிருக்கவில்லை, தண்ணீரில் வந்தார்கள். ராணி கௌரி பார்வதி பாய் காலத்தில் வெட்டப்பட்ட பார்வதி புத்தனாறு, நகரின் மேற்கு ஓரத்து வள்ளக்கடவைக் கடினங்குளம் காயலோடு இணைத்தது. வர்க்கலைக் குன்றைக் குடைந்து சுரங்கம் அமைத்தபின் அங்கிருந்து கொல்லம், ஆலப்புழை, கொச்சி என்று படகு இடைவிடாமல் போனது. வள்ளம் கட்டும் கடவு என்பதுதான் வள்ளக்கடவு என்ற பெயரின் பொருள். பிரெஞ்சு எழுத்தாளர் பியர் லோத்தி மன்னருக்குப் பிரெஞ்சு அரசின் விருதைச் சேர்ப்பிக்க வந்தபோது, பாளையங்கோட்டைப் பக்கமிருந்து மாட்டுவண்டியில் திருவிதாங்கூருக்குள் நுழைந்தார். திருவனந்தபுரத்தில் அரசு விருந்தினராகச் சில நாள் தங்கிவிட்டுப் படகேறி வடக்கே போனார். வந்தது ஒரு வழி, போனது வேறு வழி, நடுவே அரண்மனை விருந்து. இன்றைய சுற்றுலா நிறுவனம் போட்டுத் தருகிற பயணத் திட்டத்துக்கும் அதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. பெருமாள் கோயிலுக்குள் மட்டும் அவருக்கு இடமில்லை. இந்து அல்லாதவருக்கு இன்றும் இல்லை.

அரசு விருந்தினர் அல்லாத படித்த வழிப்போக்கருக்கு இருந்தது தெரிந்தவர் வீடுதான். அப்படிப்பட்ட தங்கல்களில் புகழ்பெற்றது 1892 டிசம்பரில் நடந்தது. அப்போது பெயர் அதிகம் பரவாத வங்காளத் துறவி ஒருவர் எர்ணாகுளத்திலிருந்து வந்து, இளவரசர் மார்த்தாண்ட வர்மாவின் ஆசிரியரான பேராசிரியர் சுந்தரராம ஐயரின் வீட்டு வாசலில் நின்றார். கூடவே கொச்சி அரசின் முஸ்லிம் சேவகர் ஒருவர் வழித்துணையாக வந்திருந்தார். வீட்டில் இருந்த பன்னிரண்டு வயதுப் பையன், வந்தவரின் உடையைப் பார்த்து அவரையும் முஸ்லிம் என்றே நினைத்துவிட்டான். வந்தவர் முதலில் கேட்டது, கூட வந்த சேவகருக்குச் சாப்பாடு. இரண்டு நாளாகக் கொஞ்சம் பால் தவிர அந்தத் துறவி எதுவும் உண்டிருக்கவில்லை. ஆனாலும் சேவகர் சாப்பிட்டு விடைபெற்றுப் போன பிறகே தன் பசியைப் பற்றி நினைத்தார். இந்த விவரங்களைச் சுந்தரராம ஐயரே எழுதி வைத்திருக்கிறார்.

விவேகானந்தர் அந்த வீட்டில் ஒன்பது நாள் தங்கினார். மாலை வேளைகளில் ஊர்ப் பெரியவர்களைச் சந்தித்தார். மகாராஜா கல்லூரியில் தத்துவம் கற்பித்த 'மனோன்மணீயம்' சுந்தரம் பிள்ளையும் அவரோடு பேசியிருக்கிறார். டிசம்பர் 22ஆம் தேதி கன்னியாகுமரி நோக்கிக் கிளம்பினார். அந்தப் பயணத்தின் நினைவாக 1970இல் கடல்பாறையில் மண்டபம் எழுந்தது. இப்போது திருவனந்தபுரத்தில் தங்கி, காலையில் கன்னியாகுமரி சுற்றுலா வண்டி ஏறுபவர் தெரிந்தோ தெரியாமலோ அவர் போன திசையில்தான் போகிறார்.

வெள்ளைக்காரருக்குத் தங்குமிடம் தனி. பிரிட்டிஷ் அரசின் பிரதிநிதியான ரெசிடெண்ட் துரையின் மாளிகை தைக்காட்டில் இருந்தது. பிற்காலத்தில் அதுவே அரசு விருந்தினர் இல்லமாயிற்று. முதல் உலகப் போர்க்காலத்தில் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகள் தங்கக் கட்டிய கட்டடம் பின்னர் மஸ்கட் ஓட்டலாக மாறியது. ஓடு வேய்ந்த கூரையும் அகன்ற வராந்தாவுமாக அது இன்றும் மாநிலச் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் கையில் இருக்கிறது. பார்க்கும் இடங்களும் இந்தக் காலத்தில்தான் உருவாயின. அருங்காட்சியகமும் உயிரியல் பூங்காவும் 1857இல் தொடங்கின. சென்னை கவர்னர் நேப்பியர் பெயரில் ராபர்ட் சிசம் வரைந்து கட்டிய புதிய அருங்காட்சியகம் 1880இல் முடிந்தது. வழிபட வந்து தங்குவது ஒன்று, வேடிக்கை பார்க்க வந்து தங்குவது வேறு; இரண்டாவதற்கு இந்த ஊரில் வயது ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு.

ரயில்தான் எல்லாவற்றையும் குலைத்தது. சென்னையிலிருந்து செங்கோட்டை மலைவழியாகக் கொல்லத்துக்கு 1904இல் ரயில் வந்தது. அது திருவனந்தபுரம்வரை நீண்டது 1918இல். ஆனால் கடைசி நிலையம் ஊருக்கு வெளியே, கடற்கரைப் பக்கம் நின்றுவிட்டது. தம்பானூரின் கருங்கல் நிலையம் திறந்து, ரயில் நகரின் நடுவுக்கு வந்தது 1931இல். வயலும் நீரும் தேங்கிய தாழ்வான பகுதி அது. பெருமழைக்கு இன்றும் அங்கே முழங்கால் தண்ணீர் நிற்பது நிலத்தின் பழைய குணம். 1938 பிப்ரவரி 20ஆம் தேதி அரசுப் பேருந்து ஓடத் தொடங்கியது. அதை நடத்த லண்டன் போக்குவரத்து வாரியத்திலிருந்து சால்ட்டர் என்ற அதிகாரியை வரவழைத்தார்கள். பம்பாயிலிருந்து டாடாவின் விமானம் அதற்கு முன்பே, 1935இல், வந்திறங்கிவிட்டது.

ரயில்பெட்டியிலும் பேருந்திலும் பக்கத்தில் உட்காருபவரின் சாதி கேட்க முடியாது. இரவோடிரவாக ஊர் மாறிப் போய்விடலாம் என்றானபின், ஒரு நாள் நடைக்கு ஒன்றாக இருந்த ஊட்டுப்புரைகளுக்கு வேலையும் குறைந்தது, செலவுக்கு நியாயமும் குறைந்தது. அதே ஆண்டுகளில், 1936 நவம்பர் 12ஆம் தேதி, மன்னர் சித்திரைத் திருநாள் கோயில் நுழைவுப் பிரகடனம் வெளியிட்டார். 1937 ஜனவரியில் காந்தி திருவிதாங்கூர் வந்து, தாழ்த்தப்பட்டவர்களோடு கோயில் கோயிலாகப் போனார். திருவனந்தபுரத்துக்குத் தரிசனத்துக்கு வந்து தங்கலாம் என்ற வாய்ப்பு எல்லா இந்துக்களுக்கும் கிடைத்தது இதற்குப் பிறகுதான். ஊட்டுப்புரையின் நூறாண்டுப் புகழைப் பேசும்போது இந்தத் தேதியையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் கணக்கு நேராகாது.

தங்கும் தொழில் தனியார் கைக்கு வந்தது. ரயில் நிலையத்துக்கு எதிரே, மாஞ்ஞாலிக்குளம் ரோட்டில், ஓவர்பிரிட்ஜ் பக்கம் லாட்ஜுகள் முளைத்தன. அரிஸ்டோ ஜங்ஷன் என்று ஒரு முச்சந்திக்கே ஓட்டல் பெயர் ஒட்டிக்கொண்டது. லாட்ஜ் பதிவேட்டில் பெயர், ஊர், வந்த காரியம், அடுத்துப் போகுமிடம் என்று கட்டங்கள் உண்டு. சாதிக்குக் கட்டம் இல்லை. கையெழுத்துப் போட்டு முன்பணம் கொடுத்தால் சாவி கிடைக்கும். சர்வதேச ஓட்டலியலில் இது பெரிய கண்டுபிடிப்பு அல்ல. அக்ரசாலை இருந்த ஊரில் பெரிய மாற்றம்.

கடற்கரை தனிக் கதை. ரீஜெண்ட் ராணியாக இருந்த சேது லட்சுமி பாயின் குடும்பத்துக்காக 1930களின் தொடக்கத்தில் கோவளத்துப் பாறைமேல் ஹால்சியன் மாளிகை எழுந்தது. அரச குடும்பத்து ஓய்விடமாக இருந்த அந்த மாளிகை 1964இல் அரசிடம் வந்தது. அரச குடும்பத்தின் மருமகனான கர்னல் கோதவர்ம ராஜா, விமான நிலையம், விளையாட்டு, சுற்றுலா மூன்றுக்கும் ஓயாமல் அலைந்தவர். கேரளச் சுற்றுலாவின் தந்தை என்று சொல்வது அவரைத்தான். 1971இல் குலு பள்ளத்தாக்கில் விமான விபத்தில் இறந்தார். 1970களில் சார்லஸ் கொரியா வரைந்த ஓட்டல், குன்றின் சரிவை வெட்டாமல் அதோடு படிந்து இறங்கும்படி கோவளத்தில் எழுந்தது. ஹிப்பிகள் வந்தார்கள். மீனவர் குடிசைகளில் வாடகை அறை வந்தது. அதன் பின் வெளிநாட்டுப் பயணி நகரில் தங்குவதா, பதினைந்து கிலோமீட்டர் தள்ளிக் கடலோரம் தங்குவதா என்ற கேள்வி பிறந்தது. பெரும்பாலும் கடல்தான் வென்றது. 1991இல் விமான நிலையம் சர்வதேச நிலையமானதும் இது உறுதிப்பட்டது.

நகரத்துக்கு மிஞ்சியது இந்தியப் பயணி. அவருக்காக மாநிலச் சுற்றுலா வளர்ச்சிக் கழகம், தம்பானூரில் ரயில் நிலையத்துக்கும் பேருந்து நிலையத்துக்கும் நடந்து போகும் தூரத்தில், சைத்ரம் ஓட்டலை நடத்துகிறது. ஒருநாள் சுற்றுலாக்களும் ஏற்பாடு செய்கிறது. அவற்றில் தமிழர்களுக்கு அதிகம் தெரிந்தது கன்னியாகுமரிச் சுற்று: வழியில் கோவளம், பிறகு பத்மநாபபுரம் அரண்மனை, சுசீந்திரம், முனையில் அஸ்தமனம், இரவில் திரும்புதல். வரைபடத்தில் இது கேரளத்திலிருந்து தமிழ்நாட்டுக்குப் போகும் பயணம். வரலாற்றில் இது திருவிதாங்கூருக்குள்ளேயே ஒரு வட்டம். தமிழ்நாட்டு மண்ணில் நிற்கும் பத்மநாபபுரம் அரண்மனையைக் கேரளத் தொல்லியல் துறைதான் இன்றும் பராமரிக்கிறது. திருவனந்தபுரத்துக்கும் கன்னியாகுமரிக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கியது 1979இல்தான். அதுவரை தெற்கே போகப் பேருந்தை விட்டால் கதியில்லை. சுற்றுலா வண்டி பழகிய வழியில் நிலைத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

புறப்படும் நேரம்வரை காத்திருக்கத் தம்பானூரில் ஒரு கட்டடம் இருக்கிறது. லாரி பேக்கர் கட்டிய இந்தியன் காபி ஹவுஸ். வெளியிலிருந்து பார்த்தால் செங்கல்லால் ஆன கோபுரம். சுவரெங்கும் சிறுசிறு துவாரம். உள்ளே மாடிப்படியும் இல்லை, தளமும் இல்லை. தரையே சுருள்சுருளாக மேலேறிக்கொண்டு போகிறது. வெளிச்சுவரை ஒட்டிக் கட்டடத்தோடு சேர்த்தே கட்டிய மேசைகளும் திண்ணைகளும் அந்த ஏற்றத்தோடு ஏறுகின்றன. பெட்டியைச் சரிவில் வைத்தால் உருளுமோ என்று புதியவர் காலால் அண்டை கொடுத்துக்கொள்வார். விசிறித் தலைப்பாகை கட்டிய பரிமாறுபவர் தட்டைச் சாயாமல் ஏந்திக்கொண்டு ஏறி வருகிறார். மசால் தோசைக்குள் பீட்ரூட் கிழங்கு சிவந்திருக்கும். தமிழ்நாட்டிலிருந்து வருபவர் முதலில் கொஞ்சம் திகைப்பார். காபி வாரியம் வேலையிலிருந்து நீக்கிய தொழிலாளர்களை ஏ.கே. கோபாலன் திரட்டிக் கூட்டுறவாக்கிய நிறுவனம் இது. கேரளத்தில் முதல் கடை 1958இல் திருச்சூரில் திறந்தது. துண்டு நிலத்தில் கூட்டத்துக்கு இடம் கொடுக்க வேண்டும் என்ற நெருக்கடிதான் பேக்கரைச் சுருளாகக் கட்ட வைத்தது.

சுற்றுலாவுக்காக அல்லாமல் இந்த ஊரில் தங்குபவர் கூட்டமும் பெரிது. 1951இல் தொடங்கிய மருத்துவக் கல்லூரியும், அதே வளாகத்தில் பின்னர் வந்த ஸ்ரீசித்திரைத் திருநாள் நிலையமும் மண்டலப் புற்றுநோய் மையமும், குமரி, நெல்லை மாவட்டங்களிலிருந்து நோயாளிகளை வாரக்கணக்கில் கொண்டு வந்து சேர்க்கின்றன. அந்தப் பக்கத்து விடுதிகளில் அறை வாடகை போலவே கஞ்சி காய்ச்ச அடுப்பு உண்டா என்பதும் முக்கியமான கேள்வி. கும்ப மாதத்தில், ஆற்றுக்கால் பகவதிக்குப் பெண்கள் தெருவெங்கும் பொங்கலிடும் பொங்காலைக்கு, இரண்டு மூன்று நாள் முன்பே வந்து மூன்று செங்கல் வைத்து இடம் பிடிக்கிறார்கள். நகரமே திறந்த ஊட்டுப்புரை ஆகிவிடும். 2009 பொங்காலையில் கூடிய பெண்கள் இருபத்தைந்து லட்சம் என்று கின்னஸ் பதிவு சொல்கிறது. அத்தனை பேருக்கும் லாட்ஜ் ஏது? வீட்டுத் திண்ணையும் பள்ளிக்கூட வராந்தாவும்தான் தங்குமிடம். அங்கேயும் யாரும் சாதி கேட்பதில்லை.

இரண்டு இரவுக்கு வருபவர் கிழமை பார்த்து வருவது நல்லது. பத்மநாபசுவாமி கோயிலுக்கு ஆண்கள் வேட்டியோடு, மேலுடம்பில் சட்டையில்லாமல் போக வேண்டும். பெண்களுக்குச் சேலையோ முண்டோ. கொண்டு வராதவருக்குக் கோயில் வாசலிலேயே வாடகைக்குக் கிடைக்கும். கோயிலை ஒட்டி, 122 மரக்குதிரைகள் தாங்கும் சுவாதித் திருநாளின் குதிரமாளிகை இருக்கிறது. அதுவும், நேப்பியர் அருங்காட்சியகமும், உயிரியல் பூங்காவும், எல்லைக்கு அந்தப்பக்கம் பத்மநாபபுரம் அரண்மனையும் திங்கட்கிழமை விடுமுறை.